இரண்டு தடவை பார்ப்பவள்

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒரு தடவையும், நான் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று இன்னொரு தடவையும் பார்ப்பாள். அப்புறம் போன் போட்டு, "மூணாவது பாராவுல ஒரு விஷயம் தப்பா இருக்குக்கா" என்பாள். அவளோடு ஒரே கம்பெனியில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவள் நான். எனக்குத் தெரியாதா அவளை?

துவாக்குடிப் பக்கம் இருந்தது அந்தக் கம்பெனி. பாய்லருக்கு வேண்டிய குழாய்களை வெல்டிங் வைத்துத் தரும் சின்ன ஷெட். வெல்டர்கள் குழாயோடு குழாயை ஒட்டுவார்கள். ஒட்டியது சரியா தப்பா என்று அவள் பார்த்துச் சொல்வாள். அவள் சொன்னதை நான் கம்ப்யூட்டரில் அடித்து ரிப்போர்ட் ஆக்குவேன். காலையில் கம்பெனி வேன் ஸ்ரீரங்கத்தில் அவளை ஏற்றிக்கொண்டு, தென்னூரில் என்னை ஏற்றிக்கொண்டு, பாலக்கரை, மன்னார்புரம் என்று ஆள் பொறுக்கிக்கொண்டு போகும். எனக்காக ஜன்னலோர சீட் பிடித்து வைத்திருப்பாள். முப்பத்துநான்கு வயசு, ஒல்லி உடம்பு. "க்யூசி மேடம் வராங்க" என்றால் ஷெட்டில் முப்பது ஆம்பிளைகளின் முதுகும் தானாக நிமிரும்.

அவள் கையில் எப்போதும் ஒரு டார்ச் இருக்கும். கூடவே, பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி. குழாய்க்குள் விட்டு, கண்ணுக்கு எட்டாத இடத்தைப் பார்ப்பதற்கு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் இரண்டும் ஹேண்ட்பேக்கில்தான் இருக்கும். ஒரு நாள் காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போனோம். ஒவ்வொரு காயாக எடுத்து, காம்படியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, காய் வாங்க வந்தியா, கண் ஆபரேஷன் பண்ண வந்தியா?"

"உள்ள புழு இருந்தா நான்தானங்க திங்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருக்கிறார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு சாயங்காலம், பெருமையாக அவரே டீ போட்டார். "சர்க்கரை போட்டுட்டேன்மா, குடிங்க" என்றார். இவள் ஸ்பூன் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?"

"போட்டீங்கன்னு நம்பறேண்ணே. கரைஞ்சிருக்கான்னுதான் பாக்கறேன்."

அன்றைக்கு இரவு முழுக்க அவர் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இதெல்லாம் அவள் வேலையிலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

மன்னார்புரம் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மழை நாளில் வேன் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய்விட்டார். மற்றவர்கள் டீக்கடைக்கு ஓடினார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் வேனுக்குள். நான் என்னவோ வாய்க்கு வந்தபடி, "உனக்கென்னடி, இன்னும் வயசு இருக்கு, ஒரு கல்யாணம் பண்ணிக்கோயேன்" என்றேன். பதிலுக்கு அவள் ஒரு கதை சொன்னாள்.

பாலிடெக்னிக் படிக்கும்போது ஒருவன். நான்கு வருஷம். "வீட்ல சொல்லிட்டு இருக்கேன், சொல்லிட்டு இருக்கேன்" என்றே ஓட்டியிருக்கிறான். கடைசியில் அவன் கல்யாணப் பத்திரிகையை வேறொரு சினேகிதியின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்திருக்கிறாள். அதன்பின் வீட்டில் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை. தேன் ஒழுகப் பேசுவானாம். வாய்க்கு வாய், "உன் மேல சத்தியமா" என்பானாம். எட்டு மாசம் கழித்து, ஒரு மத்தியானம் இவள் உலைக்கு அரிசி எடுக்கப் போயிருக்கிறாள். அரிசி டிரம்முக்குள்ளிருந்து போன் அடித்திருக்கிறது.

"அரிசிக்குள்ளயா?"

"ஆமாக்கா. சமையக்கட்டுப் பக்கமே வராத மனுஷன், அரிசிக்கு அடில ரெண்டாவது போனப் பொதைச்சு வெச்சிருக்கான். சைலண்ட்ல போட மறந்துட்டான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துவிட்டேன், பாவி. அவள் சிரிப்பு பாதியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

"அந்தாளு பொய் சொன்னதுகூடப் பரவால்லக்கா. தலைமுடி கனத்துக்கு விரிசல் இருந்தாலும் நான் கண்டுபிடிச்சிருவேன், அதான் என் சோறு. அவன் பக்கத்துலயே எட்டு மாசம் படுத்திருந்தேன். எனக்குத் தெரியலையே."

விவாகரத்து வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருந்தாள். ஆம்பிளைகளை அவள் வெறுக்கவில்லை. தன் கண்ணைத்தான் நம்பாமல் போனாள். அதனால்தான் எதையும் இரண்டு தடவை பார்த்தாள். மழை விட்டு வேன் கிளம்பியது. அதற்கப்புறம் கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அந்தப் பேச்சை எடுத்தது ஏழாம் நம்பர்தான். எங்கள் ஷெட்டில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. வெல்டிங் வைத்து முடித்ததும் பக்கத்தில் தன் நம்பரை உளியால் அடித்துவிட வேண்டும். நாளைக்கு விரிசல் விட்டால் யார் வைத்தது என்று தெரிய வேண்டுமே. ஏழாம் நம்பர் மணப்பாறைக்காரர். முப்பத்தெட்டு வயசு. அப்பா இல்லாத வீட்டில் தங்கச்சி கல்யாணம் அது இது என்று தன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டவர். அதிகம் பேச மாட்டார். கேன்டீனில் சாப்பிட்டால் தட்டை அவரே கழுவி வைப்பார். அதைத் தவிர அவரிடம் விசேஷமாக நான் எதையும் பார்த்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவர் எங்கள் ரூமுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"மேடம், மூணாவது வரிசைல கடைசி ஜாயிண்ட்ட எக்ஸ்ரே எடுத்துருங்க."

எல்லா ஜாயிண்ட்டையும் எக்ஸ்ரே எடுக்க மாட்டார்கள். பத்துக்கு ஒன்று என்று லிஸ்ட் போட்டு எடுப்பார்கள். மற்றதெல்லாம் மேலோட்டமான சோதனைதான். இவள் லிஸ்ட்டைப் பார்த்தாள்.

"அது லிஸ்ட்லயே இல்லையே. வெளிய பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. பாஸ் போட்டாச்சு."

"வெளிய நல்லாத்தான் இருக்கும். அடில மொதப் பூச்சு ஓட்டும்போது கரண்ட் ஆடிச்சு. எனக்கு மனசு ஒப்பல."

எடுத்துப் பார்த்தார்கள். அடியில் சரியாகப் பிடிக்கவே இல்லை. வெட்டி மறுபடி வைக்க வேண்டியதாயிற்று. அந்த மாசம் போர்டில் அவர் நம்பருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி விழுந்தது, சூப்பர்வைசரிடம் வசவும் விழுந்தது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. அன்றைக்கு வேனில் அவள் தென்னூர் வரைக்கும் அந்த ரிப்போர்ட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் இறங்கும்போது, "தானா வந்து சொன்னாருல்லக்கா?" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

அதிலிருந்து ஆறு மாசம் கழித்து ஏழாம் நம்பர் என்னைத் தனியாகப் பிடித்தார்.

"அக்கா, மேடத்துக்கிட்ட ஒண்ணு கேக்கணும். நேராக் கேட்டா ரிஜெக்ட் பண்ணிருவாங்களோன்னு பயமா இருக்கு."

அவர் காது இரண்டும் சிவந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. நேரே போய் அவளிடம் போட்டு உடைத்தேன். அவள் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். உடனே அது அணைந்தது.

"ஒரு ஜாயிண்ட்ட ரெண்டு தடவைதான்க்கா ரிப்பேர் பண்ணலாம். அதுக்கு மேல பண்ணக்கூடாது, வெட்டி எறியணும். நான் ரெண்டு தடவை ஆயாச்சு. அவர்கிட்ட சொல்லிருங்க."

இதை எப்படிப் போய்ச் சொல்வது? ஆனாலும் தூது போனவள் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னேன். கையிலிருந்த கிளவுஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார். 

"அவங்கள ரிப்பேர் பண்றேன்னு யாருக்கா சொன்னா? அவங்ககிட்ட என்ன கோளாறு இருக்கு? அதுக்கு முன்னாடி வெல்டிங் வெச்சானுங்களே ரெண்டு பேரு, கோளாறு அவனுங்ககிட்டதான்."

அட மனுஷா! எனக்கு அந்த ஷெட்டிலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. திரும்ப ஓடிவந்து அவளிடம் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். அவள் எக்ஸ்ரே ஃபிலிமை லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் அந்த ஒரே ஃபிலிமைப் பார்த்தாள். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள் என்பதை நான் சொல்லவில்லை.

அதன்பின் சோதனை ஆரம்பித்தது. நினைத்த நேரத்தில் போன் போட்டு, "எங்க இருக்கீங்க, பின்னாடி என்ன சத்தம்?" என்பாள். சலூனில் இருந்தால் கத்திரிச் சத்தம் கேட்க வேண்டும். அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. ஒரு நாள் அவராகவே தன் போனை மேஜைமேல் வைத்து, பூட்டுத் திறக்கும் எண்ணையும் சொல்லி, "எப்ப வேணா பாருங்க மேடம்" என்றார். நான் உருகிப் போனேன். இவளோ அவர் போனதும், "தானாப் போனக் குடுக்கறவன் இன்னொரு போன் வெச்சிருப்பான்க்கா" என்றாள். எனக்கு வந்ததே கோபம்.

"ஏன்டி, குடுத்தாலும் குத்தம், குடுக்கலன்னாலும் குத்தமா? அந்த மனுஷன் என்னதான்டி பண்ணணும்?"

"எனக்குத் தெரியலக்கா" என்றாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. "எனக்கு அவரப் பிடிச்சிருக்கு. அதான் பயம். பிடிக்காதவனா இருந்தா எனக்கென்ன?"

அப்படியும் ஒருவழியாகப் பேச்சு வளர்ந்து, தை மாசம் வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்கும் வரை வந்தது. இவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டு வாரமாக யோசித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. "நாளைக்குத் தங்கச்சி வீட்டுக்கு மணப்பாறை போறேன்" என்று சனிக்கிழமையே அவர் சொல்லியிருந்தார், என் எதிரிலேயே. ஞாயிறு காலை நான் ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, காவேரியில் கால் நனைக்கலாமே என்று அம்மா மண்டபத்துக்குப் போனேன். படித்துறைக்கு மேலே பூக்கடை ஓரமாக ஏழாம் நம்பர் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் நாலைந்து வயசுப் பெண் குழந்தை. பக்கத்தில் ஒரு பெண், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அதுவரை எனக்கு 'அவர்' ஆக இருந்தவர் அந்த நொடியில் 'அவன்' ஆகிவிட்டார். என் வாயில்தான் எதுவும் நிற்காதே. பத்து நிமிஷ நடை, நேரே அவள் வீட்டுக்குப் போய், மாடிப்படியில் ஏறும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அவள் செருப்பை மாட்டினாள். கீழே வந்தாள். வாசல் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"வாடி, இன்னும் அங்கதான் இருப்பான்" என்று நான் அவசரப்படுத்தினேன்.

"ரெண்டு தடவையும் நானாத்தான்க்கா கண்டுபிடிச்சேன்" என்றாள். "அந்தப் பாலிடெக்னிக் பயகிட்டயும் கேட்டதில்ல, கட்டினவன்கிட்டயும் கேட்டதில்ல. கேட்டாப் பொய் சொல்வாங்கன்னு பயம். இன்னிக்குக் கேக்கறேன்."

படியில் உட்கார்ந்து போன் போட்டாள். போனை மடியில் வைத்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. அப்புறம், "அம்மா மண்டபத்துல, மேடம்."

"மணப்பாறைன்னு சொன்னீங்க."

"ஆமாங்க, சொன்னேன். தங்கச்சி வீட்டுக்காரருக்கு இன்னிக்கு வருஷத் திதி. காவேரிக் கரைலயே குடுத்துரலாம்னு தங்கச்சியையும் பாப்பாவையும் கூட்டிட்டு வந்தேன்."

"அத ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

"கல்யாணப் பேச்சு நடக்கறப்ப பொண்ணு காதுல திதி கருமாதின்னு சொல்லக்கூடாதுன்னு தங்கச்சி ஒரே அழுகைங்க. தன் ராசி நமக்கு ஒட்டிக்குமோன்னு அதுக்குப் பயம். அதான் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டேன். நான் சொன்னது தப்புதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். படிக்கட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்திருந்தது.

"இனிமே எங்கிட்ட நல்லது மட்டும் சொல்லாதீங்க. கெட்டதையும் சொல்லுங்க. எதா இருந்தாலும் சொல்லுங்க" என்றாள். கொஞ்சம் விட்டு, "பாப்பா சாப்பிட்டாளா?"

"ஆச்சுங்க. இப்ப பஸ் ஏறப் போறோம்."

"பாத்துப் போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

"அடியே, பஸ் ஸ்டாப் இந்தா இருக்கு. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்டி. தங்கச்சியா இல்லையான்னு மொகத்தப் பாத்தாத் தெரிஞ்சுரும்."

"வேணாம்க்கா. டீ போடறேன், வாங்க" என்று எழுந்து மாடியேறினாள். கம்பியைப் பிடித்த அச்சு அவள் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

அவள் நம்பிவிட்டாள். நான் நம்பவில்லை. ஆறு வருஷம் அவளோடு வேனில் போய் வந்ததில் அந்த வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டதோ என்னவோ. என் வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவர் ஒருத்தருக்கு அதே மணப்பாறைதான் ஊர். அவரைப் போட்டுத் துளைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை அவர் விசாரித்துச் சொல்லிவிட்டார். ஏழாம் நம்பர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. தங்கச்சி புருஷன் போன வருஷம் பைக் விபத்தில் போய்விட்டாராம். அந்தக் குடும்பத்தையும் இந்த மனுஷன்தான் தாங்குகிறாராம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. வேனில் எல்லோரும் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். கம்பெனிக்குள் போனதும், அவசர ரிப்போர்ட் ஒன்றை அடித்துக் கொடுத்த கையோடு அவளைத் தேடி ஷெட்டுக்கு ஓடினேன்.

ஒரு குழாய்க்கு முன்னால் குனிந்து சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

"மணப்பாறைல விசாரிச்சுட்டேன்டி!"

சாக்பீஸ் நின்றது. தலையை நிமிர்த்தாமல், "திரும்புங்க" என்றாள்.

"என்னது?"

"சொவத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்கக்கா. உங்க மொகத்துல எதுவும் ஒளியாது. பாத்தா எனக்குத் தெரிஞ்சுரும்."

திரும்பி நின்றேன். நாற்பத்திரண்டு வயசில், அத்தனை வெல்டர்கள் பார்க்க, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் போல நின்றேன். எதிரே சுவரில், கண்ணாடி அணியாமல் கிரைண்டிங் செய்யாதீர் என்று எழுதியிருந்தது.

"நீங்க சொல்லி நான் நம்பினா, அது உங்கள நம்பினதா ஆயிரும்" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. "நான் அவர நம்பணும். அவர் சொன்னாரு, நான் கேட்டேன், அது போதும்."

"பயமா இல்லையாடி?"

"இருக்கு. பயம் போனப்பறம்தான் சரி சொல்வேன்னா நான் கெழவியாயிருவேன்க்கா. தை மாசம்னு சொல்லிட்டேன். இப்பத்தான், நீங்க வர்றதுக்கு முன்னாடி."

சந்தோஷத்தில் திரும்பப் பார்த்தவள், சட்டென்று மறுபடி சுவரைப் பார்த்து நின்றேன்.

"அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுருக்கேன்" என்றாள். "நாத்தனார் முடிச்சு அவர் தங்கச்சிதான் போடணும். சித்தி போடட்டும், அத்தை போடட்டும்னு யாராவது பேசினா மேடையவிட்டு எறங்கிருவேன்னு சொல்லிட்டேன். அவங்க ராசி எனக்கு ஒட்டினா ஒட்டட்டும்."

புருஷனை இழந்த பெண்ணைத் தாலிப் பக்கமே வர விடாத ஊர் இது. அந்தத் தங்கச்சியை இவள் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவர் வாயால் கேட்டதுதான். அதை வைத்துக்கொண்டு இந்த முடிவை எடுத்திருக்கிறாள். நான் சுவரைப் பார்த்தபடியே ஓவென்று அழுதுவிட்டேன். கிரைண்டிங் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அழறீங்களா, சிரிக்கறீங்களா?"

"திரும்பறேன், நீயே பாத்துக்கோடி" என்றேன்.

"வேணாம், வேணாம்" என்று அவசரமாகச் சொன்னாள். அவள் குரலும் உடைந்திருந்தது. "தாலி ஏறினப்பறம் பாத்துக்கறேன்."